முடிவுக் குறிக்கு அப்பால் இருபத்தேழு பேர்

கிட்ட வந்து உட்காருங்கள். கதவோரம் நிற்கிறவர்களும்தான், என் குரல் இப்போதெல்லாம் நாலு நாற்காலிக்கு மேல் போவதில்லை. ஒரு கதை சொல்கிறேன். கொஞ்சம் பயப்படுத்துகிற கதைதான். நடுவில் யாருக்காவது மனசு கலங்கினால் பக்கத்தில் இருக்கிறவர் தோளைத் தொட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் கொடுக்கிற கவுண்டரில் வேலை பார்த்தேன். கண்ணாடிக்கு அடியிலிருக்கும் சந்து வழியாகச் சீட்டு வரும், அதே சந்து வழியாகப் படம் போகும். என் கவுண்டருக்கு நேர் கீழே, அடித்தளத்தில், டேப் அறை. அங்கே இருந்தவளை எல்லோரும் டேப்பக்கா என்போம். என்னைவிட மூன்று வயது சின்னவள். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், பழகிவிட்டது.

அவள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டரில் இரண்டு வருஷம்தான் வைத்திருப்பார்கள். அதற்கு மேல் இடம் கிடையாது. அதனால் எடுக்கிற படத்தையெல்லாம் டேப்பிலும் ஏற்றி வைப்பாள். உள்ளங்கை அளவுப் பெட்டி, அதற்குள் சுருட்டிய கருப்பு நாடா. நாடாவில் பெயரைச் சொல்லித் தேட முடியாது. ஒருவர் படம், அப்புறம் ஒரு கோடு. அடுத்தவர் படம், அப்புறம் ஒரு கோடு. முப்பதாவது ஆள் வேண்டுமென்றால் மெஷின் முதலிலிருந்து கோடுகளை எண்ணிக்கொண்டே ஓடும். எந்த எண்ணில் யார் என்பது டேப்பக்காவின் ரிஜிஸ்டரில் இருக்கும். கடைசி ஆளுக்குப் பிறகு ஒரு முடிவுக் குறி. அதைக் கண்டதும் மெஷின் நின்றுவிடும். அதற்கு அந்தப் பக்கம் எது கிடந்தாலும், இல்லை என்றுதான் சொல்லும்.

அந்த அறையில் பேச்சும் ஒரு தினுசு. படம் என்றோ ஃபைல் என்றோ சொல்லமாட்டார்கள். 'ஆள்' என்பார்கள். "பத்தொன்பதாவது டேப்புல எத்தனை ஆள்?" "முப்பது ஆள்." முதலில் எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

எண்ணிக்கொண்டு ஓடும்போது கரண்ட் ஒரு வெட்டு வெட்டினால் போதும், எண்ணிக்கை போய்விடும். இருட்டில் படிகளை எண்ணி இறங்குகிறவரை நடுவில் யாரோ கூப்பிட்ட மாதிரி. திரையில் ஒரு வரி வரும்: 'இடம் தெரியவில்லை.' அப்படி வந்தால் டேப்பை முதலுக்குச் சுற்றி மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். அதுதான் சட்டம். இருபது நிமிஷம் ஆகும்.

டேப்பக்காவுக்கு ஒரு தம்பி. பஸ் டிரைவர். நல்ல உயரம், கனத்த குரல். ஆனாலும் அவரைக் கணக்கில் விட்டுவிடுவது எல்லோருக்கும் பழக்கமாயிருந்தது. டிப்போவில் டியூட்டி லிஸ்ட் அடித்தால் அவர் பெயர் மட்டும் இருக்காது. போய்ப் பென்சிலால் எழுதிவிட்டு வருவார். முடிவெட்டுகிற கடையில் அவரைத் தாண்டி அடுத்தவரை உட்காரவைப்பார்கள். ஆறு பேர் போன வீட்டில் ஐந்து கப் காபி வரும். தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு அவருக்குத் திறக்காது. அவர் மனைவி பின்னால் வந்தால்தான் திறக்கும்.

"ஒரு நாள் இவரை ஏத்தாமலே இவர் பஸ்ஸைக் கிளப்பப் போறாங்க, பாருங்க" என்பாள் மனைவி.

"நல்லதுதானே. சாவு வந்தாலும் என் பேரை விட்டுட்டுத்தான் போகும்" என்பார் அவர்.

இப்படி எட்டு வருஷம். எல்லோரும் சிரித்தோம். எப்போதிலிருந்து என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

எட்டாவது வருஷம் அவருக்கு நெஞ்சில் படம் எடுத்தார்கள். வலது நுரையீரலில் ஒரு புள்ளி. சர்ஜன் பேச்சைச் சுருக்குகிறவர். "இது புதுசா, பழசா, அதான் கேள்வி. பழசுன்னா வெறும் தழும்பு, தொடவே வேண்டாம். புதுசுன்னா திறந்து எடுத்தாகணும். இவர் இருதயம் இருக்கிற நிலைமையில திறந்தா, திரும்பி எழுந்திருக்கிறது பாதிக்குப் பாதி. முன்னாடி எப்பவாவது நெஞ்சுப் படம் எடுத்திருக்காரா?"

எடுத்திருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால், விடாத இருமலுக்காக, இதே ஆஸ்பத்திரியில். ரிப்போர்ட்டில் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று ஒரே வரி. கையில் கொடுத்த படம் வீடு மாறும்போது மழையில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஆபரேஷன் வெச்சிருக்கேன். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பழைய படத்தைக் காட்டினா பார்க்கிறேன்" என்றார் சர்ஜன்.

அன்று எனக்கு வாராந்திர விடுமுறை. இருந்தாலும் அவளுக்குத் துணையாகப் போனேன். காலை பத்து மணி. பத்தொன்பதாவது டேப், முப்பதாவது ஆள்: ரிஜிஸ்டரில் அவள் கையெழுத்திலேயே தம்பியின் பெயர். டேப்பை, அதை ஓடவைக்கிற டிரைவில் செருகி முப்பது என்று தட்டினாள். மெஷின் உறுமியது, பத்து விநாடி ஓடியது, நின்றது. திரையில்: 'ஒரு ஆள். அதற்கு மேல் இல்லை.'

முதலுக்குச் சுற்றி மறுபடி போனாள். ஒரு ஆள். மூன்றாம் முறையும் அதுதான்.

டேப்பக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகம் நிறம் மாறியதைப் பார்த்து டேப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"டேப் கெடலை" என்றாள் மெதுவாக. "நான்தான்."

அப்போதுதான் சொன்னாள். தம்பியின் படத்தை ஏற்றிய மறுநாள் கரண்ட் ஒரு வெட்டு வெட்டியிருக்கிறது. டிரைவ் அணைந்து எரிந்தது. திரையில் 'இடம் தெரியவில்லை. தொடரவா?' என்று கேட்டது. முதலிலிருந்து எண்ணவேண்டும். ஆனால் மேலே வேலை குவிந்து கிடந்தது. டேப் எங்கே போய்விடும், நின்ற இடத்தில்தானே நிற்கும் என்று நினைத்தாள். 'ஆம்' என்று தட்டினாள். முப்பதுக்கு அடுத்தது என்று முப்பத்தோராவது ஆளை எழுதினாள்.

"அணைஞ்சு எரிஞ்சா டிரைவ் தானா முதலுக்குச் சுத்திக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த நிமிஷம் தோணலை. எழுதி முடிச்ச சத்தம் வேற மாதிரி இருந்துச்சு, அப்ப தோணுச்சு. போய்ப் பார்த்திருக்கணும். நான் 'நிரம்பியது'ன்னு சீட்டு ஒட்டி அலமாரியில வெச்சுட்டேன்."

எட்டு வருஷம் அந்த டேப்பை யாரும் கேட்கவில்லை. அவளும் அந்த அலமாரித் தட்டைத் துடைக்கும்போது அதை மட்டும் தொடாமல் துடைத்திருக்கிறாள்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். பன்னிரண்டு மணிக்கு வந்தார். அரைக்கண் மூடியபடியே எல்லாவற்றையும் பார்க்கிற பெரிய மனிதர். டிரைவின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க எழுதினது பெரிய ஆளு. முதல்ல இருந்த ரெண்டு ஆள் மேலயும் ஏறிப் படுத்தாச்சு. அவங்க ரெண்டு பேரும் போயாச்சு மேடம். அதுக்கப்புறம் மெஷின் முடிவுக் குறி போட்டுடுச்சு. மீதி இருபத்தெட்டு ஆளும் குறிக்கு அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்திருக்காங்க. மெஷினைக் கேட்டா அங்க யாருமே இல்லைன்னு சொல்லும்."

"எடுக்க வழி இருக்கா சார்?"

"இருக்கு. புஸ்தகத்துல இல்லாத வழி. அந்தக் குறி மேலயே எழுத ஆரம்பிக்கணும். எழுதிட்டு இருக்கும்போதே கரண்டைப் பிடுங்கணும். புதுக் குறி போட அதுக்கு நேரம் இருக்காது. குறி இல்லைன்னா மெஷின் நிக்காது, அந்தப் பக்கம் ஓடிடும். இடம் தெரியாமலே ஓடும், ஆனா ஓடும்."

"நஷ்டம்?"

"குறிக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஆள் போவான். ஒரே ஒரு ஆள்தான்."

டேப்பக்கா ரிஜிஸ்டரைத் திருப்பினாள். நானும் எட்டிப் பார்த்தேன். மூன்றாவது: பெண், வயது முப்பத்தி நாலு, தையல் வேலை, இடது தோள்.

"போவான் இல்லை" என்றாள். "போவாங்க."

அந்தப் பெண் பிறகு வந்து வேறு படம் எடுத்திருந்தால் பழையது போனாலும் பாதகமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ரெக்கார்டு ரூமுக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னாள். அந்தத் தேதிக்குப் பிறகு அவர் வந்ததாகப் பதிவே இல்லை என்றார்கள். அப்புறம் என்ன நினைத்தாளோ, நாலாவது ஆளைக் கேட்டாள். இல்லை. ஐந்து, ஆறு, ஏழு. ரெக்கார்டு ரூமில் இருந்தவருக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு எண்ணாக இருபத்தொன்பதையும் கேட்டாள். எட்டு வருஷத்தில் அதில் ஒருவர்கூட அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டுக்கொண்டதாகக்கூடப் பதிவு இல்லை. இறந்தார்கள் என்றும் இல்லை.

"எல்லாரும் நல்லா இருக்காங்க போல. ஆஸ்பத்திரிக்குத்தான் கெட்ட பேர்" என்றார் மெக்கானிக். யாரும் சிரிக்காததால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

டேப்பக்கா என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். பென்சிலால் பெயர் எழுதுவது, ஐந்து கப் காபி, திறக்காத கதவு. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது என்று நினைக்கிறேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது.

தையல்காரப் பெண்ணின் பழைய போன் எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்து அடித்தாள், அதற்கடுத்தும். மணி மூன்று ஆகிவிட்டது.

அப்போது வெளியே நடையில் விளக்கு எரிந்தது. அடித்தளத்து நடையில் ஆள் நடந்தால்தான் விளக்கு எரியும், யாருமில்லாவிட்டால் அணைந்துவிடும். தம்பியும் மனைவியும் உள்ளே வந்தார்கள்.

"அண்ணி, உங்க தம்பியைப் பாருங்க. என்னை விட்டுட்டு முன்னாடி நடந்து வந்தார். விளக்கு எரியவே இல்லை. இருட்டுல செவுத்துல முட்டிக்கிட்டார். நான் வந்ததும் எரியுது."

"பல்பு உன் அழகைப் பார்த்து எரியுதுடி" என்றார் தம்பி நெற்றியைத் தடவிக்கொண்டே. பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து, "என்னக்கா? கிடைக்கலையா?" என்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தான் செய்ததையும், மூன்றாவது ஆளையும். மறைக்கவில்லை. தம்பி அமைதியாகக் கேட்டார்.

"வேண்டாம்கா" என்றார். "அந்தம்மாவுக்கும் ஒரு அக்கா இருப்பாங்க."

"படம்தானேடா போகுது."

"படம்தான்னா நீ ஏன் அழுற?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டேப்பக்கா ரிஜிஸ்டரை மூடி, அதன் மேல் கையை வைத்து, "போகட்டும்" என்றாள்.

பக்கத்துத் தெருவுக்குக் கிளம்புகிறவரைக்கூட நாம் 'போய்ட்டு வாங்க' என்றுதான் சொல்வோம், இல்லையா? அவள் வெறுமனே 'போகட்டும்' என்றாள். சொன்ன பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெக்கானிக் விசைப்பலகையில் உட்கார்ந்தார். டேப்பக்கா சுவரோரம் நின்று, டிரைவின் சுவிட்சில் விரலை வைத்தாள். "நான் 'இப்ப'ன்னு சொன்னதும்" என்றார் அவர். மெஷின் உறுமத் தொடங்கியது. எழுதுகிற சத்தம் தனி. துணி கிழிகிற மாதிரி இருக்கும். "இப்ப" என்றார். அவள் விரல் அசையவில்லை. "மேடம், இப்ப." அவள் விரல் மேல் இன்னொரு விரல் வந்து அழுத்தியது. தம்பியின் மனைவி. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

டிரைவ் அடங்கியது.

மறுபடி போட்டார்கள். திரையில் 'இடம் தெரியவில்லை' என்ற வரி வந்து அப்படியே நின்றது. மெக்கானிக் தொடரச் சொன்னார். நாடா ஓடியது. முதலில் மேலே எழுதிய அந்த ஒரு ஆளின் படம், அப்புறம் குப்பையாக ஏதோ வந்தது. பிறகு திரையில் பாதி எலும்பு. ஒரு தோள்பட்டையின் மேல் பாதி. கீழே சாம்பல் நிறம். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். டேப்பக்கா அதைத் தொடப் போவதுபோல் கையை நீட்டினாள். அதற்குள் அது போய்விட்டது.

அடுத்து ஒரு முழங்கால் வந்தது. அதன் ஓரத்தில் முழுப் பெயர், வயது, தச்சு வேலை. பெயர் திரையில் விழுந்த அதே விநாடி, வெளியே நடையில் விளக்கு எரிந்தது.

நான் கதவைத் திறந்து பார்த்தேன். யாருமில்லை. லிஃப்ட் இருக்கும் பக்கமாக ஒரு விளக்கு, அடுத்த விளக்கு, அதற்கடுத்தது என்று எரிந்துகொண்டே போயிற்று. யாரோ நடந்து போகிற வேகத்தில். லிஃப்டுக்கு முன்னால் எரிந்த கடைசி விளக்கு கொஞ்ச நேரம் நின்று எரிந்து, அணைந்தது.

"ஒயர் கோளாறு" என்றார் மெக்கானிக், திரும்பிப் பார்க்காமல்.

அடுத்தது ஒரு தலை. விளக்குகள் எரிந்தன. அடுத்தது ஒரு குழந்தையின் மணிக்கட்டு. விளக்குகள் கொஞ்சம் வேகமாக எரிந்தன, ஓடுகிற மாதிரி. அதற்கு மேல் மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. நான் கதவைச் சாத்தவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். இருபத்தாறு பேர் நடந்து போனார்கள். அடியோசை இல்லை. சிலர் மெதுவாக, நின்று நின்று. ஒருவருக்கு விளக்கு பாதி வழி போய், திரும்பி வந்து, கதவருகே சற்று எரிந்து, மறுபடி போனது. எதையோ மறந்து வைத்தவர் போல.

இருபத்தேழாவதாக ஒரு நெஞ்சு. பெயரை மனைவிதான் உரக்கப் படித்தாள், அவர் பெயர். மெக்கானிக் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். வலது பக்கம், கீழே. புள்ளி இருந்தது.

மணி நாலு நாற்பது. படத்தை ஒரு சி.டி.யில் ஏற்றிக்கொண்டு தம்பிதான் முதலில் வெளியே ஓடினார். அவர் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. அவர் நின்று அதை அண்ணாந்து பார்த்தார்.

சர்ஜன் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். "அப்ப ஆறு மில்லிமீட்டர். இப்பவும் ஆறு மில்லி. எட்டு வருஷமா ஒரு மயிரிழை வளரலை. தழும்பு. வீட்டுக்குப் போங்க" என்றார். வெளியே வந்தபோது நர்ஸ், "டிரைவர் சார், உங்க செருப்பை மாட்டாம போறீங்க" என்று கூப்பிட்டாள். ஒரு அந்நியர் அவரைத் தானாகக் கூப்பிட்டு எத்தனை வருஷமாயிற்று. மனைவி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை நான் கவுண்டரைத் திறந்தேன். முதல் சீட்டு சந்து வழியாக வந்தது. பழுப்பேறிய சீட்டு, எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. நிமிர்ந்து பார்த்தேன். காதில் பென்சில் செருகிய ஒரு தச்சர்.

"முழங்கால் படம்மா" என்றார்.

"இவ்வளவு நாள் கழிச்சு வரீங்களே ஐயா."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். கோபம் இல்லை. "எட்டு வருஷமா வரேன்மா" என்றார். "இதே சந்துல சீட்டு வைப்பேன். நீங்க நிமிர்ந்தே பார்க்கலை. எனக்குப் பின்னாடி நிக்கிறவங்க சீட்டை எடுத்துப்பீங்க. நானும் எவ்வளவு தடவைதான் கூப்பிடறது."

டேப் அறைக்குப் போன் செய்தேன். அவள் படத்தை எடுத்துக்கொண்டு படியேறி ஓடிவந்தாள்.

அந்த மாதத்துக்குள் இருபத்தாறு பேரும் வந்தார்கள். நான் ரிஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்து டிக் போட்டேன். மணிக்கட்டுக் குழந்தை, இப்போது பதினாறு வயசுப் பெண், அம்மாவோடு வந்தாள். "ஸ்கூல்ல இவ பேரைக் கூப்பிடவே மாட்டேங்கிறாங்கன்னு எவ்வளவு சண்டை போட்டிருக்கேன் தெரியுமா" என்றாள் அம்மா. ஒவ்வொருவருக்கும் டேப்பக்கா தன் கையால் படத்தைக் கொடுத்து, "தப்பு என்னோடது" என்றாள். பாதிப் பேருக்கு என்ன தப்பு என்றே விளங்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்று பேர் வரவில்லை. முதல் இரண்டு பேரும், தையல்காரப் பெண்ணும்.

அந்த இருவரை அவள் தெரியாமல், மேலே எழுதி மூடிவிட்டாள். தையல்காரியைத் தெரிந்தே மூடினாள். ரிஜிஸ்டரில் இருந்த விலாசத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். வீடு இருந்தது. உள்ளே ஒரு தையல் மெஷின், அதில் பாதி தைத்த சட்டை, ஊசியில் நூல். வீட்டிலிருந்த பெரியவர் அந்தச் சட்டை யாருடையது, யார் தைத்தது என்று தனக்குத் தெரியாது என்றார். நாங்கள் பெயரைச் சொன்னோம். அவர் யோசித்தார், கண் கலங்கியது. ஏன் கலங்குகிறது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு டேப்பக்கா சாப்பாட்டு இடைவேளையில் என் கவுண்டருக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வரிசை நிற்கிற இடத்தில், தையல்காரப் பெண்ணுக்கென்று ஒரு நாற்காலி போட்டாள். வரிசையில் யாருமில்லாத நேரமாகப் பார்த்து, சந்து வழியாகக் குனிந்து, "சொல்லுங்கம்மா. இடது தோள்தானே? கொஞ்சம் உட்காருங்க, தேடிட்டு இருக்கேன்" என்பாள். தம்பி கூட்டிப்போக வந்தால், "இரு, அவங்க பேசட்டும்" என்பாள். அவர் ஒரு நாளும் அவசரப்படுத்தியதில்லை. அக்காவுக்குப் பின்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

அவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போன பிறகு நான் அப்படிக் கேட்க ஆரம்பித்தேன். நாற்காலியை எடுத்துவிடச் சொன்னார்கள், நான் விடவில்லை. ஒரே ஒரு தடவை, மத்தியான வெயில் நேரத்தில், நான் கேட்டு முடித்ததும் சந்து வழியாக ஒரு சீட்டு வந்தது. எழுத்தே இல்லாத சீட்டு. எடுத்தபோது சூடாக இருந்தது, இவ்வளவு நேரம் யாரோ உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த மாதிரி. அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல், "வந்தீங்களே, அதுவே போதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவ்வளவுதான் கதை. தோளைப் பிடித்திருந்தவர்கள் விடவேண்டாம், அப்படியே இருங்கள். உங்கள் வீட்டில் பிறந்தவர், புகுந்தவர், வெளியே போனவர் எல்லோரும் போகிற இடத்திலெல்லாம் நாலு பேர் நிமிர்ந்து பார்த்து 'வாங்க' என்று சொல்லட்டும். உங்கள் வாசலில் சத்தமில்லாமல் வந்து நிற்கிறவரும் உங்கள் கண்ணில் படட்டும். நல்லா இருங்கள், கண்ணுகளா. எல்லோருமாக நல்லா இருங்கள்.